நாமினி இருந்தும் வாரிசுச் சான்று கேட்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: வாசகர் ஒருவர், 3 மார்ச் 2025

மாமனார் போன மாதம் தவறிவிட்டார். சேமிப்புக் கணக்குக்கு மாமியார்தான் நாமினி, பாஸ்புக்கிலும் அச்சாகியிருக்கிறது. வங்கிக்குப் போனால் வாரிசுச் சான்று வாங்கி வாருங்கள், நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும் என்கிறார்கள். அப்புறம் நாமினி என்று எதற்கு எழுதி வாங்கினார்கள்? யாருக்காவது இது ஒழுங்காக முடிந்திருக்கிறதா?

3 மார்ச் 2025, இரவு

அப்பா இறந்தபோது எங்கள் வீட்டில் முடிந்தது. சுலபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

விதி உங்கள் பக்கம்தான். 2005 ஜூன் 9 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. நாமினி பதிவாகியிருக்கும் கணக்கில் எவ்வளவு தொகை இருந்தாலும் சரி, நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்று, உயில் நிரூபணம், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் இழப்பு வந்தால் ஈடுகட்டுகிறேன் என்று எழுதித் தருவது), ஜாமீன் எதையும் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்கிறது அது. கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, நாமினி இன்னார்தான் என்பதற்கு அடையாளம், இவை போதும். கணக்கின் மேல் நீதிமன்றத் தடை எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் கொடுத்த பிறகு 15 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். கோர்ட் கொடுக்கும் சான்றையே கேட்கக் கூடாது என்னும்போது தாசில்தார் சான்றை எப்படிக் கேட்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாது என்று நினைத்துப் பாடம் எடுக்கப் போய்விடாதீர்கள். பெரும்பாலும் தெரியும். ஆனால் நாளைக்கு இன்னொரு வாரிசு வந்து சண்டை போட்டால் மெமோ தனக்கு வரும் என்று பயப்படுகிறார். கூடுதலாக நான்கு காகிதம் வாங்கி வைத்ததற்காக யாருக்கும் மெமோ வந்ததில்லை.

வாயால் "கொண்டு வாங்க" என்று சொல்ல ஒன்றும் செலவில்லை. "இன்ன விதிப்படி இது வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எங்களுக்கு வேலை செய்தது இந்த ஒன்றுதான். சண்டை போட்டுப் பார்த்தோம், பலனில்லை. தெரிந்தவர் சிபாரிசு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

5 மார்ச் 2025

அதை எப்படிக் கேட்பது, முறைத்துக்கொள்ள மாட்டார்களா என்கிறார் ஒருவர். நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா எல்லாக் காகிதத்தையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கவுன்டரில் இருந்தவர் ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்துச் சாய்ந்துபோன தாள், கடைசி வரி பாதி வெட்டுப்பட்டிருந்தது. அச்சிட்ட வரிகளுக்குக் கீழே பேனாவால் "ஜாமீன்தாரர் 2 நபர், கணக்கு உள்ளவர்" என்று எழுதியிருந்தது. இது யார் எழுதியது என்று கேட்டேன்.

"முன்னாடி இருந்த மேனேஜர் சார் எழுதினது சார்."

அந்த மேனேஜர் மாறுதலாகி எங்கேயோ போய்விட்டார். அவர் கையெழுத்து மட்டும் அந்தக் கிளையில் சட்டமாக உட்கார்ந்துவிட்டது.

"சரிங்க, ஜாமீன் வேணும்னு ஒரு வரி எழுதி சீல் போட்டுக் குடுங்க, நாளைக்கே ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் பேனாவை மூடினார். "ஒரு நிமிஷம் உக்காருங்க" என்று மேனேஜர் அறைக்குள் போனார். அந்த ஒரு நிமிடத்தில் டோக்கன் இயந்திரம் பலமுறை கூவியது. திரும்பி வந்தவர் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம், "அம்மா, இருக்கறதைக் குடுத்துட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒப்புகை இல்லாமல் "குடுத்துட்டுப்" போனால் அந்த 15 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடும்? இன்னொரு பிரதியை நீட்டி, வட்ட சீல், தேதி, சுருக்கொப்பம் மூன்றும் வேண்டும் என்றோம். சீல் வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். உட்கார்ந்திருந்தோம். வந்தார்.

5 மார்ச் 2025, சற்றுப் பின்

நாமினியாக ஜெராக்ஸ் கடைக்காரரையே எழுதியிருக்கலாம் என்கிறான் என் தம்பி. அவருக்குத்தான் அதிகம் போயிருக்கிறது.

11 மார்ச் 2025

கடித மாதிரி கேட்டவர்களுக்கு. நாங்கள் எழுதியது ஏறக்குறைய இது:

"மேற்படி சேமிப்புக் கணக்கு என் கணவர் பெயரில் உள்ளது. அவர் இன்ன தேதியில் காலமானார். கணக்கில் நான் நாமினியாகப் பதிவாகியுள்ளேன். கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, என் அடையாள ஆவண நகல் இணைத்துள்ளேன். 9.6.2005 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி தொகையை என் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன். வேறு ஆவணம் தேவையெனில், எந்த விதியின்படி என்று குறிப்பிட்டு எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

அவ்வளவுதான். "மூத்த குடிமகளை அலைக்கழிப்பது எந்த விதத்தில் நியாயம்" என்று நான் முதலில் எழுதியிருந்ததை அம்மாவே அடித்துவிட்டார். அவர் செய்தது சரி. கோபமாக எழுதினால் கோபத்துக்குத்தான் பதில் வருகிறது, கேட்டதற்கு வருவதில்லை.

20 மார்ச் 2025

"அப்படியென்றால் வாரிசுச் சான்றே வேண்டாமா?" வேண்டும். வங்கிச் சேமிப்புக் கணக்கு ஒன்றுக்காக அதை வாங்கப் போகாதீர்கள் என்றுதான் சொன்னேன். நாமினி இல்லாத கணக்கு, பட்டா, மின் இணைப்பு என்று எதற்காவது அது வேண்டியிருக்கும். எங்களுக்கு ஒரு ஃபிக்சட் டெபாசிட்டில் நாமினி இல்லை. சேமிப்புக் கணக்கில் எழுதிய நாமினி டெபாசிட்டுக்குத் தானாக வந்து ஒட்டாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்றைக்கே ரசீதை எடுத்துப் பாருங்கள். (வைத்தவர் இறந்துவிட்டால் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் முடிக்கலாம், அதற்கு அபராத வட்டி பிடிக்கக் கூடாது. பிடித்தால் கேளுங்கள்.)

இனி தாலுகா அலுவலகம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் மனு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறும். கணினியில் ஏறுகிறதே, காகிதம் எதற்கு என்று நினைத்தேன். வி.ஏ.ஓ. கூப்பிட்டு அனுப்பினார், எல்லாவற்றையும் காகிதத்தில் கொண்டுவரச் சொன்னார். பார்த்துவிட்டு, "உங்க அப்பாவோட அப்பா, அம்மா ரெண்டு பேரோட இறப்புச் சான்று எங்க?" என்றார்.

தாத்தா போகும்போது நான் பிறக்கவே இல்லை. கிராமத்தில் தோட்டத்து ஓரத்தில் எரித்தார்கள். யார் போய்ப் பதிந்தார்கள்?

இதில் பாதி நியாயம் உண்டு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆகவே பாட்டி உயிரோடில்லை என்று காட்டச் சொல்வது முறைதான். தந்தை இரண்டாம் வகுப்பில் வருகிறார். மனைவியும் மக்களும் இருக்கும்போது அவருக்குப் பங்கில்லை. தாத்தாவின் சான்று எதற்கு? கேட்டேன். "எல்லாரும் குடுக்கறாங்க சார்" என்றார். (பிற மதத்தவருக்குச் சட்டம் வேறு, அதை அவரவர் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

21 மார்ச் 2025

பாட்டி விஷயம் எப்படி முடிந்தது என்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்த பழைய கிராமப் பதிவேட்டில் கிடைத்தது. பாட்டியின் பெயருக்கு எதிரே தொழில் "கூலி" என்று எழுதியிருந்தது. சொந்தக் காட்டில் உழைத்தவருக்கு அப்படி எழுதியிருக்கிறார்களே என்று அம்மாவுக்கு ஒரு வாரம் மனசு ஆறவில்லை.

பதிவே இல்லாதவர்கள், பதிவில்லை என்று ஒரு சான்று வாங்கி, கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுத் தாமதப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டு தாண்டிய எந்த இறப்புக்கும் இதுதான் வழி. நாளாகும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமே கிடையாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

22 மார்ச் 2025

முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. வாரிசுச் சான்று கைக்கு வரும்வரை ரேஷன் கார்டிலிருந்து இறந்தவர் பெயரை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் பழைய கார்டை நகல் எடுத்து வைத்துக்கொண்டு எடுங்கள். குடும்பத்தில் யார் யார் என்று பார்க்க வி.ஏ.ஓ. முதலில் திறப்பது அதைத்தான்.

9 ஏப்ரல் 2025

வங்கியையும் தாலுகாவையும் விட என்னைச் சோதித்தது ஒரு கால் சென்டர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லாமே இப்படித்தான் என்று நினைக்கிறேன். அப்பா பெயரில் இருந்த இணைய இணைப்பை நிறுத்த வேண்டும். தமிழுக்கு இரண்டை அழுத்தி, பாட்டு கேட்டு, ஒரு பெண் எடுத்தார்.

"கனெக்‌ஷன் யார் பேர்ல சார் இருக்கு?"

"எங்க அப்பா பேர்லங்க. அவர் இறந்துட்டார். நிறுத்தணும்."

"ஓகே சார். பாதுகாப்புக் காரணத்துக்காக அவர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும். லைன்ல குடுக்க முடியுமா சார்?"

"அவர் இறந்துட்டார்ங்க."

"புரியுது சார். அவர் எப்போ ஃப்ரீயா இருப்பார்னு சொன்னீங்கன்னா கால்பேக் போட்டு வெக்கறேன்."

மஹாளய அமாவாசைக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. திரையில் வரும் வரிகளைத் தாண்டி ஒரு சொல் பேசினால் அவருடைய மதிப்பெண் குறையும். இறந்துபோன வாடிக்கையாளருக்கு அந்தத் திரையில் பொத்தான் வைக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கடைசியில், போகாதீர்கள், மூன்று மாதம் பாதி விலைக்குத் தருகிறோம் என்றார். அதற்கு மட்டும் பொத்தான் இருந்தது. பேசி முடித்ததும் சேவைக்கு எத்தனை ஸ்டார் என்று ஓர் எஸ்எம்எஸ்.

முடிந்த விதம்: புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, இறப்புச் சான்றோடு அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு மின்னஞ்சல். ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் அப்படி ஒரு மேல்முறையீட்டு அமைப்பு இருக்க வேண்டும் என்பது டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2012 ஒழுங்குமுறை. முகவரி நிறுவனத்தின் தளத்தில் அடியாழத்தில் எங்காவது இருக்கும். மின்னஞ்சலுக்கும் மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

10 ஏப்ரல் 2025

இணைய இணைப்பை நிறுத்துங்கள், சிம்மை மட்டும் அவசரப்பட்டு ஒப்படைத்துவிடாதீர்கள். கேஸ், வருமான வரி, பி.எஃப். என்று எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல் விட்டால் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எல்லாம் முடியும்வரை சின்னதாக ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.

10 ஏப்ரல் 2025, மாலை

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்போ ஓடிபி வைத்துப் பணத்தையே எடுத்துவிடலாமே" என்கிறார் ஒருவர்.

நான் சொன்னது தகவல் வந்து சேர்வதற்காக. இறந்த தேதிக்குப் பிறகு ஏடிஎம்மில் எடுத்த தொகை கணக்கு அறிக்கையில் தேதி, நேரத்தோடு நிற்கும். மனைவியே எடுத்தாலும் அது முறையில்லை. பின்னால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு வந்தால் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான்.

ஆனால் ஊரில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள் என்பதும் தெரியும். காரியச் செலவுக்குக் கையில் காசு வேண்டாமா? பந்தல்காரர் 15 நாள் பொறுப்பாரா? அந்த நிலைமையில் இருப்பவரிடம் விதி பேச எனக்கு வாய் வரவில்லை. கணவன் மனைவி ஒரு கணக்கையாவது "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்று கூட்டாக வைத்துக்கொண்டால் இந்தத் தர்மசங்கடமே வராது. ஒருவர் போனாலும் மற்றவருக்குக் கணக்கு நடக்கும்.

2 ஜூன் 2025

"தாலுகா ஆபீஸ் வாசலில் ஆயிரத்தைக் கொடுத்தால் முடிகிற வேலைக்கு இவ்வளவு கதையா?"

முடியும். எனக்கும் ஒருவர் வந்து, "அண்ணே, எதுக்கு நாயா அலையறீங்க, டீ குடிச்சுட்டு வாங்க, முடிச்சு வெக்கறேன்" என்றார். கொடுக்கவில்லை. கொள்கை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர் கேட்ட தொகையும் ஒரு காரணம், அவர் கையில் அப்பாவின் ஆதார் நகலைக் கொடுக்கப் பிடிக்காதது இன்னொரு காரணம். மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதித் தருகிறவர்களை இவர்களோடு சேர்க்காதீர்கள். எந்த மனு எந்த மேசைக்குப் போகும் என்று அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும், அதற்கு வாங்குவது கூலி.

கொடுக்காமல் நகர்த்திய விதம் இது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே கொடுக்கும் மனுவுக்கு ஓர் எண் விழும், அந்த எண்ணோடு அது தாலுகாவுக்குத் திரும்பி வரும்போது பதில் எழுதியாக வேண்டும். இது ஜமாபந்தி (தாலுகாவில் ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கிற காலம், அதிலும் மனு வாங்குவார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள். "ஏன் தாமதம்" என்று கேட்டால் மழுப்பலாகப் பதில் வரும். "இன்ன எண் கொண்ட என் மனு இன்று யாருடைய மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, அந்தக் கோப்பின் குறிப்புத் தாள் நகல் தருக" என்று கேளுங்கள்.

எங்களுக்கு அதற்குப் பதில் வருவதற்கு முன்பே சான்று கையெழுத்தாகிவிட்டது. பதிலும் பின்னால் வந்தது, "மனு முடிவு செய்யப்பட்டுவிட்டது" என்று.

3 ஜூன் 2025

ஒரு குறைதீர் எண்ணில் போட்ட புகாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "மனுதாரருக்கு நேரில் விளக்கம் அளிக்கப்பட்டது" என்று முடித்து எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். யாரும் வரவில்லை. அந்த எஸ்எம்எஸ்ஸையும் அச்செடுத்து அடுத்த மனுவில் இணைத்தோம்.

14 ஜூலை 2025

பெயர்ப் பொருத்தம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இது நம் ஊர்த் தலையெழுத்து. வங்கியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் இனிஷியலே விரிந்து தாத்தாவின் முழுப் பெயராகி, அதுவே அப்பாவின் பெயர்போல நிற்கிறது. இறப்புச் சான்றில் மருத்துவமனைச் சீட்டில் இருந்தபடி இனிஷியலே இல்லாமல் வந்தது. நான்கு காகிதத்தில் நான்கு மனிதர்கள்.

உயிரோடிருக்கும்போது கெஸட்டில் போட்டுத் திருத்தலாம். இறந்த பிறகு? இறப்புச் சான்றில் உள்ள எழுத்துப் பிழையைப் பதிவாளரிடம் ஆதாரம் காட்டித் திருத்த முடியும், அதை முதலில் செய்யுங்கள். மற்றவற்றுக்கு "இவர்கள் இருவரும் ஒருவரே" என்று ஓர் உறுதிமொழி. வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதே பெயரைப் போட்டு அடுத்து "என்கிற" என்று இன்னொரு வடிவத்தையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வி.ஏ.ஓ. அதைச் செய்து கொடுத்தார். தாத்தாவின் சான்றைக் கேட்ட அதே மனிதர்தான். அந்த ஒரு சொல் பின்னால் பல இடத்தில் எங்களைக் காப்பாற்றியது.

மின் இணைப்பு பெயர் மாற்றம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் முடிந்தது. சொல்ல ஒன்றுமில்லை என்பதால்தான் இதுவரை எழுதவில்லை.

15 ஜூலை 2025

இன்று அப்பாவின் எண்ணுக்கு வங்கியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்திருக்கிறது. "உங்களுக்குத் தேவையான தனிநபர் கடன் தயார்" என்று ஒரு சுட்டியும். டெபாசிட் கோரிக்கை அதே கிளையில் நிலுவையில் இருக்கிறது.

18 ஆகஸ்ட் 2025

டெபாசிட் வந்துவிட்டது. எப்படி என்று கேட்பவர்களுக்கு.

கிளையில் கொடுத்த கடிதத்துக்குப் பதிலில்லை. வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். 30 நாள் கழித்தும் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவர்) போகலாம். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே திட்டம், எந்த ஊர்க் கிளை என்று பார்க்க வேண்டியதில்லை. இணையத்திலேயே புகார் போடலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் 14448. நேரே ஆம்புட்ஸ்மேனிடம் போனால் "முதலில் வங்கிக்கு எழுதினீர்களா" என்று கேட்டுத் திருப்பிவிடுவார்கள். நான் சீல், சீல் என்று உயிரை எடுத்தது இதற்காகத்தான்.

புகார் ஏறிய அடுத்த வாரம் கிளை மேனேஜரே அம்மாவுக்குப் போன் செய்தார். "அம்மா, நீங்க நேர்ல வந்து சொல்லியிருந்தா முடிச்சுக் குடுத்திருப்பேனே."

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

25 ஆகஸ்ட் 2025

"நாமினி அம்மா, எனவே பணம் முழுக்க அம்மாவுக்குத்தானே, தங்கைக்கு ஏன் பங்கு?" என்று ஒரு கேள்வி. இல்லை. வங்கிப் பணத்தில் நாமினி வாங்கி வைத்திருப்பவர், சொந்தக்காரர் அல்ல. வாரிசுகளுக்கு உரிய பங்கு அப்படியே இருக்கும். ஆயுள் காப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1983லேயே இதைச் சொல்லிவிட்டது. பங்குப் பத்திரங்களுக்கும் அதுதான் என்று 2023 டிசம்பரில் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது: பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே.

தங்கைக்குக் கொடுங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

4 அக்டோபர் 2025

மார்ச்சில் எழுதிய 15 நாள் கணக்கோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 15 நாளைத் தாண்டினால் வங்கிக்கு என்ன ஆகும் என்று பழைய சுற்றறிக்கையில் பெரிதாக ஒன்றுமில்லை. செப்டம்பர் 26 அன்று ரிசர்வ் வங்கி புதிய வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. எல்லா ஆவணமும் கொடுத்து 15 நாளுக்குள் முடிக்காமல் வங்கியே தாமதித்தால், தாமதித்த காலத்துக்கு நிலவும் வங்கி விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்) மேல் 4 சதவீதம் கூட்டி வட்டி தர வேண்டும். நாமினி இல்லாத கணக்கிலும் 15 லட்சம் வரை (கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம்) கோர்ட் வரை விரட்டாமல் எளிய முறையில் முடிக்க வேண்டும். படிவங்களும் எல்லா வங்கிக்கும் ஒரே மாதிரி.

2026 மார்ச் 31க்குள் வங்கிகள் இதற்கு மாற வேண்டும். பேனாவால் எழுதிய அந்த "ஜாமீன்தாரர் 2 நபர்" தாளை எங்கள் கிளை அதுவரைக்கும் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

12 நவம்பர் 2025

நவம்பர் 1லிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், ஆளுக்கு இத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம். அம்மாவின் கணக்கில் எங்கள் இருவர் பெயரையும் போடப் போனோம். "சிஸ்டத்துல இன்னும் ஒரு பேருக்குத்தான்மா இடம் இருக்கு, அடுத்த மாசம் வாங்க" என்றார் புதிதாக வந்திருக்கும் பையன்.

அம்மா பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து, "அதை இதுல எழுதிக் குடுப்பா தம்பி" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

13 நவம்பர் 2025

லாக்கர் பற்றிக் கேட்டவருக்கு: நான்கு பேர் போடலாம், ஆனால் சதவீதம் பிரிக்க முடியாது, ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசைதான். செப்டம்பர் வழிகாட்டுதலில் லாக்கருக்கும் 15 நாள் கெடு உண்டு, தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். திறக்கும்போது சாட்சிகளை வைத்துப் பொருள் பட்டியல் எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பிரதியைக் கையெழுத்தோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.